மேகாத்தும் பாதரசமும்

மார்கழி மாதத்து விடியற்காலை. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் லேப் பெண் அப்புச்சியின் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, விரல் நுனியால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் பார்த்தாகிவிட்டது. "நரம்பே தெரியலீங்க தாத்தா, கையைச் சித்த நல்லாத் தேயுங்க" என்றார். அம்மாவின் அப்பாவான அப்புச்சிக்கு அப்போது 87 வயது. போத்தனூர் சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகவே காலம் கழித்த கை அது. சித்திரையில் பார்த்தால் புறங்கையில் நாளங்கள் வேர்போலப் புடைத்து நிற்கும். அன்றைக்குத் தோலுக்கு அடியில் எதுவுமே இல்லாததுபோலக் கிடந்தது. அம்மா வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து முழங்கையைச் சுற்றிப் போட்டாள். ஐந்து நிமிஷம் கழித்துத் துண்டை எடுத்தால் பச்சையாக ஒரு கோடு மெல்ல எழுந்து வந்திருந்தது. "வந்துருச்சுங்" என்று அந்தப் பெண் ஊசியை இறக்கினார்.

நாளம் எங்கும் போய்விடவில்லை. குளிர் தோலைத் தொட்டதும் உடம்பு உள்சூட்டைக் காப்பாற்றப் பார்க்கிறது. ரத்தம் தோலுக்கு வந்தால் சூட்டைக் காற்றிடம் கொடுத்துவிடும். அதனால் தோலுக்குப் போகும் சின்னச் சின்ன நாளங்களின் சுவரில் வளையமாக ஓடும் தசை சுருங்கி வழியை அடைக்கிறது. நம் பேச்சில் ரத்தநாளமும் நரம்புதான், உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்புதான். டாக்டர்கள் திருத்துவார்கள். ஆனால் குளிரில் நாளத்தை இறுக்கச் சொல்லி உத்தரவு வருவது நரம்பின் வழியாகத்தான் என்று தெரிந்த பிறகு, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

போத்தனூரில் வளர்ந்தவர்களுக்குக் காற்று தெரியாமல் இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலைச்சுவரில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு. அதன் கிழக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறது எங்கள் ஊர். 1860களில் சென்னையிலிருந்து அரபிக்கடலுக்கு ரயில் பாதை போட்டவர்கள் இந்த வழியாகத்தான் போனார்கள்; கோயம்புத்தூர் நகரத்துக்கு ரயில் வருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே போத்தனூருக்கு வந்துவிட்டது. ரயில் மேற்கே போக, அதே வழியில் காற்று கிழக்கே வருகிறது. ஆனி, ஆடியில் அடிக்கிற அந்தக் காற்றுக்கு எங்கள் பக்கத்தில் மேகாத்து என்று பெயர். மேற்கே கேரளத்தில் மழையை இறக்கிவிட்டு, ஈரத்தின் மிச்சத்தோடு வந்து கொடியில் காயும் துணியை உதறிப்போட்டுவிட்டுப் போகும்.

அப்புச்சி காற்றை எழுதிவைத்தவர்.

1996இல் அவருக்கு ரத்தக்கொதிப்பு என்று சொன்னார்கள். அடுத்த வாரமே ஒரு பாதரசப் பி.பி. கருவியும் நீளமான கணக்கு நோட்டு ஒன்றும் வாங்கிவிட்டார். காலை 6 மணிக்கு, காபிக்கு முன்னால், என் பாட்டி அம்மிச்சி அவர் கையில் பட்டையைச் சுற்றுவாள், பம்ப் அடிப்பாள். ஸ்டெதாஸ்கோப் அவர் காதில். நோட்டில் நான்கு பத்தி: தேதி, மேல் எண், கீழ் எண், நான்காவது வானம். அந்த நான்காவது பத்தியை எழுதச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லை. சிக்னல் ஆட்களுக்கு வானிலை வேலையோடு சேர்ந்தது. வெயிலில் இழுகம்பி நீளும், குளிரில் சுருங்கும், அதற்கேற்ப முறுக்க வேண்டும். உடம்பும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "மேகாத்து", "மப்பு", "பனி", "புழுக்கம்", "நல்ல வெயில்". 28 வருஷம் இப்படியே போகிறது. அவர் போன பிறகு அந்த ஏழு நோட்டுகளும் என்னிடம் வந்தன.

அவர் எழுதிய எண்களின் அலகு பாதரச மில்லிமீட்டர். 1643இல் தொரிசெல்லி ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிறுத்திக் காற்றின் கனத்தை அளந்ததிலிருந்து வந்த அலகுதான் அது. ஏறத்தாழ இருநூறு வருஷம் கழித்து, 1828இல், புவாசேய் என்கிற பிரெஞ்சு மருத்துவர் அதே பாதரசத்தை ரத்தத்தை அளக்கக் கொண்டுவந்தார். 1896இல் இத்தாலியில் ரீவா-ரோச்சி கையில் சுற்றும் பட்டையைச் சேர்த்தார். 1905இல் ரஷ்யாவில் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே காது வைத்துக் கேட்டால் எந்த இடத்தில் ஓசை வருகிறது, எந்த இடத்தில் அடங்குகிறது என்று சொன்னார். அம்மிச்சி பம்ப் அடிக்க அப்புச்சி கண்ணை மூடிக் கேட்டது அந்த ஓசையைத்தான். கடல் மட்டத்தில் காற்றின் கனம் 760 மில்லிமீட்டர். கோயம்புத்தூர் கடலுக்கு 400 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே சுமார் 725. நம் பி.பி. 120 என்றால், வெளிக்காற்று அழுத்தும் 725க்கு மேல் இதயம் போடும் 120 என்று பொருள். வானத்தின் கணக்குக்கு மேல் எழுதப்படும் கணக்கு.

காற்றின் அந்த 725 நிலையாக நிற்பதும் இல்லை. வெப்பநாடுகளில் அது ஒவ்வொரு நாளும் காலை பத்து மணி வாக்கில் ஏறி, மாலை நான்கு மணி வாக்கில் இறங்கி, இரவு மறுபடி ஏறி இறங்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். கடலைச் சந்திரன் இழுப்பதுபோலக் காற்றைச் சூரியச் சூடு தூக்கி இறக்குகிறது. போத்தனூர் வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் மேலும் தினம் இரண்டு முறை இந்த அலை வந்து போகிறது. உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவில் மாறுவதால் நாளத்துக்கு அது தெரிவதில்லை. தெரிவது குளிரும் சூடும்தான்.

நோட்டைப் புரட்டினால் அது கண்ணில் அறைகிறது. மார்கழி, தை மாதங்களில் 150, 152, 158. சித்திரை, வைகாசியில் 128, 130, 124. மாத்திரை அதே மாத்திரை, உப்பு அதே உப்பு. நாம் இந்த நோய்க்கு வைத்த பெயர் ரத்தக்கொதிப்பு. கேட்டால் வெயில் காலத்து நோய் என்றே தோன்றும். கோபக்காரர்களுக்கும் உச்சிவெயிலில் திரிகிறவர்களுக்கும் வருவது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் ரத்தம் "கொதிப்பது" பனிக்காலத்தில். சீனாவில் 10 பகுதிகளில் 5 லட்சம் பேரை அளந்து பார்த்ததில், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மேல் அழுத்தத்தில் சராசரியாக 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. வீடு முழுக்கச் சூடேற்றும் வசதி இருக்கும் ஊர்களில் அந்தக் குளிர்கால ஏற்றம் மட்டுப்பட்டிருந்தது. அப்படியென்றால் உடம்பு படித்துக்கொண்டிருந்தது நாட்காட்டியை அல்ல, படுக்கையறையின் குளிரை.

இதில் ஒரு கணக்கு என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. புவாசேய் கண்டுபிடித்தது அது. குழாயின் ஆரம் பாதியானால் அதில் ஓடும் நீர் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகும். மயிரிழை போன்ற நாளங்கள் துளி சுருங்கினாலே இதயத்துக்கு எவ்வளவு கூடுதல் வேலை என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்குக் குளிரில் ரத்தமும் சற்றுக் கெட்டிப்படுகிறது, உறையும் போக்கும் கூடுகிறது. இந்தியாவில் லட்சக்கணக்கான மரணங்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள் 2018இல் சொன்னதும் இதுதான். நம் நாட்டிலும் கடுங்குளிர், கடும்வெயில் இரண்டையும்விட, யாரும் பொருட்படுத்தாத மிதமான குளிரோடு சேர்ந்து போன உயிர்கள்தான் அதிகம்; அதில் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பெரிய பங்கு. எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலை 18, 19 டிகிரி இருக்கும். இமயமலைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒரு பனியனோடு எழுந்து, கிணற்றடியில் பச்சைத்தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்துண்டோடு கோயிலுக்கு நடக்கும் 70 வயது மனிதருக்கு அந்த 18 டிகிரி போதும்.

சின்ன வயதில் அப்புச்சியின் புறங்கை எனக்கு விளையாட்டுச் சாமான். சித்திரை மத்தியானம், கயிற்றுக் கட்டில். புடைத்த நாளத்தை ஒரு விரலால் அமுக்கிக்கொண்டு, அடுத்த விரலால் முழங்கைப் பக்கமாக வழித்துவிட்டால் அந்தக் கோடு மறைந்துபோகும். மேல்விரலை எடுத்தாலும் ரத்தம் திரும்பி இறங்காது. கீழ்விரலை எடுத்த உடனே சரக்கென்று நிரம்பும். எத்தனை தடவை செய்தாலும் அலுக்காது. அவரும் கையை இழுத்துக்கொண்டதே இல்லை. 1628இல் வில்லியம் ஹார்வி தன் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியது இதே விளையாட்டு என்று காலேஜில் படித்தபோது புல்லரித்தது. ரத்தம் ஒருவழிப் பாதையில் சுற்றி வருகிறது என்பதற்கு அவர் வைத்த சாட்சி அந்தக் கை. மார்கழியில் ஏன் இந்த விளையாட்டு நடக்காது என்று நான் அப்போது கேட்டதில்லை.

அந்தக் கோடைதான் ஒருமுறை அவரைக் கீழே தள்ளியது. 2016 சித்திரை. செட்டிபாளையம் பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை. பந்தியில் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்து எழுந்தவர் நின்ற வாக்கில் சரிந்தார். முகம் வெளுத்து, சட்டை முழுக்க நனைந்திருந்தது. "பி.பி. ஏறிடுச்சு" என்றார் மாமா. சுற்றி இருந்த அத்தனை பேரும் அதையே சொன்னோம். அவர் சட்டைப் பையில் எப்போதும் மாத்திரை இருக்கும். மாமா ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது 84/50.

ஏறவில்லை. இறங்கியிருந்தது. வெயிலில் உடம்பு குளிருக்கு நேரெதிரான காரியத்தைச் செய்கிறது. சூட்டை வெளியேற்றத் தோலின் நாளங்களைத் திறந்துவிடுகிறது. சும்மா இருக்கும்போது தோலுக்கு நிமிஷத்துக்குக் கால் லிட்டர், அரை லிட்டர் ரத்தம் போனால் பெரிது. கடும் சூட்டில் அது 6, 7 லிட்டர் வரை போகும். ஓய்வில் இருக்கும்போது இதயம் மொத்தமாகவே நிமிஷத்துக்கு 5 லிட்டர்தான் தள்ளுகிறது. ஆகவே அது ஓடி ஓடி அடிக்கிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போவதைக் குறைத்துத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வையில் நீரும் உப்பும் போகப் போக, சுற்றி வரும் ரத்தத்தின் அளவும் குறைகிறது. அப்புச்சி சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று நீரைப் பிரிப்பது. வீட்டில் அதற்குத் தண்ணி மாத்திரை என்று பெயர். பந்தியில் உட்கார்ந்திருந்த வயிற்றுக்கு ரத்தம் போயிருந்த நேரம். எழுந்து நின்றதும் மிச்சம் காலுக்கு இறங்கியது. மூளைக்குப் போய்ச் சேர ஆள் இல்லை. இத்தனைக்கும் மேலே அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையை நாங்கள் அன்போடு ஊட்டினோம்.

இரண்டு பாட்டில் சலைன் ஏறியதும் கண் திறந்தார். இளம் டாக்டர் ஒருவர் கட்டிலருகே நின்று நிதானமாகச் சொன்னார்: "பெரியவங்களுக்கு வெயில் காலம் ஆரம்பிக்கறப்ப ஒருக்கா கூட்டிட்டு வந்து காமிங்க. மாத்திரை அளவு பார்த்து மாத்தோணும். நீங்களா நிறுத்தவும் வேண்டாம், நீங்களா சேர்க்கவும் வேண்டாம்." இந்த மூன்று வாக்கியத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். மயங்கி விழுந்தவரின் பி.பி. ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அளக்காமல் மாத்திரை கொடுக்காதீர்கள். படுக்க வையுங்கள், காலை உயர்த்துங்கள், காற்றும் நிழலும் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வெயிலைக் குற்றவாளி ஆக்கிவிட்டு நகர எனக்கு மனமில்லை. காலை எட்டு மணி இளவெயிலில் அப்புச்சி திண்ணையில் முதுகு காட்டி உட்காருவார். 2014இல் எடின்பரோவில் ரிச்சர்ட் வெல்லர் என்கிற தோல் மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் காட்டியது: தோலில் சேர்ந்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடைச் சூரியனின் புற ஊதாக் கதிர் விடுவிக்கிறது, நாளங்கள் தளர்கின்றன, அழுத்தம் சிறிது இறங்குகிறது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வேலை செய்வதும் இதே வாயுவின் வழியாகத்தான். நாளத்துக்குத் "தளர்ந்துகொள்" என்று சொல்லும் செய்தி ஒரு வாயுவாக இருக்கும் என்று கண்டவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பனியில் இறுகிய நாளங்களைச் சூரியன் தானே வந்து அவிழ்த்துவிடுவதை அந்தக் கிழவர் வெற்றுடம்பில் உணர்ந்திருக்கிறார். அவருக்கு அது "முதுகுக்கு இதமா இருக்குது" அவ்வளவுதான்.

2024 மே 10, 11 தேதிகளில் சூரியனிலிருந்து கிளம்பிய காந்தப்புயல் ஒன்று பூமியில் மோதியது. 2003க்குப் பிறகு அவ்வளவு பெரியது வந்ததில்லை. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படம் எடுத்தார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பிலோ, பி.பி. உள்ளவர்கள் வெளியே வரவேண்டாம், ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று செய்தி சுற்றியது. அத்தை பயந்துபோய் எனக்கு போன் செய்தாள்.

அந்தப் பயத்துக்கு நீண்ட வம்சம் உண்டு, அதில் ஒரு கிளை நம் மலையிலேயே இருக்கிறது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் கோயம்புத்தூர், சேலம் ஜில்லாக்களைச் சூறையாடியது. மறு வருஷம் நார்மன் லாக்கியரும் வில்லியம் ஹண்டரும், சூரியனில் கரும்புள்ளிகள் குறையும் வருஷங்களில்தான் தென்னிந்தியாவில் மழை பொய்க்கிறது என்று எழுதினார்கள். சூரியனைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லலாம் என்ற அந்த நம்பிக்கைதான் 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் வந்ததற்குப் பின்னணி. பஞ்சத்தைச் சொல்ல முடியவில்லை. ஆனால் 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கே உட்கார்ந்து, கரும்புள்ளிக்குள் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டார். நூறு வருஷத்துக்கு மேலான சூரியப் படங்கள் அந்த மலையில் இருக்கின்றன. தவறான கேள்வியோடு ஏறியவர்கள் சரியான ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். தானியம் ரயிலேறி வெளியே போய்க்கொண்டிருந்தபோது சனங்கள் செத்ததற்கு, கோடிக்கணக்கான மைல் தொலைவில் இருக்கும் புள்ளிகளைக் காரணம் காட்டியதை மட்டும் என்னால் மறக்க முடிவதில்லை.

புள்ளியையும் ரத்தத்தையும் கோத்தவர் ரஷ்யாவின் அலெக்சாண்டர் சிஷெவ்ஸ்கி. கொள்ளைநோய்கள், கலகங்கள் எல்லாம் சூரியனின் 11 வருஷச் சுற்றோடு ஏறி இறங்குகின்றன என்றவர். 1942இல் கைது செய்து முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஒரு மைக்ரோஸ்கோப் கிடைக்க, ஓடும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் எப்படி வரிசை கட்டி நகர்கின்றன என்று ஆராய்ந்தார். அவருடைய பெரிய கணக்குகளை நான் நம்பவில்லை. சிறையில் ஒரு துளி ரத்தத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதரை மதிக்கிறேன்.

இன்றைய ஆய்வுகள் அந்தக் கேள்வியை மூடிவிடவும் இல்லை. 2014இல் வேலரி ஃபீகின் குழுவினர் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் பக்கவாதம் வந்த 11,453 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். காந்தப்புயல் நாட்களில் பக்கவாதம் 19 விழுக்காடு கூடியிருந்தது. புறந்தள்ளக்கூடிய ஆய்வு அல்ல. ஆனால் சேர்ந்து வருவது வேறு, அதனால் வருவது வேறு. மே மாதப் புயல் நம் பக்கத்துக் காந்தப்புலத்தை அசைத்தது மிஞ்சிப்போனால் நூற்றில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன அசைவை நாளம் எதைக் கொண்டு உணர்கிறது என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் இன்னும் இல்லை. ஆய்வு நடந்த ஊர்களெல்லாம் நம்மைவிடத் துருவத்துக்குப் பக்கமானவை. நாம் இருப்பதோ திருநெல்வேலிப் பக்கம் ஓடும் காந்த நடுக்கோட்டுக்கு அருகே.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நானும் தேடினேன். 2003 அக்டோபர் 30, பெரும்புயல் நாள்: 146/90, பக்கத்தில் "தீபாவளிப் பலகாரம் அதிகம்". 2015 ஜூன் 23, ஊட்டியில் அண்டக்கதிர்களை அளக்கும் கிரேப்ஸ்-3 கருவி, சூரிய வெடிப்பு ஒன்றால் பூமியின் காந்தக் கவசம் இரண்டு மணி நேரம் தளர்ந்ததை நள்ளிரவு தாண்டிப் பிடித்த நாள்: 132/82, "மேகாத்து". எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் அந்த நீலமலையின் மேலே அண்டக்கதிர்கள் கூடுதலாகப் பொழிந்து ஓய்ந்த விடியலில், இங்கே கீழே அவர் காற்றை எழுதியிருக்கிறார். 2024 மே 11: 126/76, "மப்பு. மழை இல்லை". ஒரு கிழவரின் நோட்டு எதையும் நிரூபிக்காது. ஆனால் அத்தைக்கு நான் சொன்ன பதில் அதிலிருந்துதான் வந்தது: "புயலை விடுங்கத்தே. மத்தியானம் ஒரு மணிக்கு மொட்டைமாடியில வத்தல் எடுக்கப் போறீங்களே, அதை நிறுத்துங்க."

போத்தனூர் ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வானிலை பற்றி இன்னொன்று நினைவுக்கு வரும். 1921 நவம்பர் 19 இரவு, மாப்பிளாக் கிளர்ச்சியில் கைதானவர்கள் ஏறத்தாழ 100 பேரைத் திரூரில் ஒரு சரக்கு வேகனில் அடைத்து ரயிலோடு கோத்து அனுப்பினார்கள். காற்றுவழிகள் அடைபட்டுக் கிடந்தன. போத்தனூரில் கதவைத் திறந்தபோது பெரும்பாலோர் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். எல்லாம் சேர்த்து 70 பேர் வரை செத்தார்கள். உடல்கள் திரூருக்கே திரும்பிப் போயின. நவம்பர் இரவு அது. வெளியே இதமான குளிர் இருந்திருக்கும். சும்மா இருக்கும் மனித உடம்பு ஒன்று 100 வாட் பல்பு அளவுக்குச் சூடு விடுகிறது. 100 உடம்பு ஒரு மூடிய பெட்டிக்குள். மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டே வர, ஈரம் நிரம்பி வியர்வை காய வழியில்லாமல் போகும். நாளங்கள் தம்மால் முடிந்த மட்டும் திறந்திருக்கும். தோல்வரை வந்து சூட்டைக் கொடுக்க நின்ற ரத்தத்திடம் அதை வாங்கிக்கொள்ளக் காற்று இல்லை. அந்த வேகனுக்குள் இருந்த வானிலையை எந்தச் சூரியனும் அனுப்பவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒருவரை நான் ஒழுங்காகப் பார்த்தேன். குறிச்சி சிட்கோவில் ஒரு பவுண்டரியில் 22 வருஷமாக வார்ப்பு ஊற்றுகிறவர். உருகிய இரும்பு 1400 டிகிரிக்குப் பக்கம் இருக்கும். மேலே தகரக் கூரை. "இரும்பு ஊத்திட்டு வெளிய வந்து நின்னா, அந்தச் சித்திரை வெயிலே ஏசி போட்ட மாதிரி இருக்குமுங்" என்றார். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு கயிறுகயிறாக நிற்கிறது. பகல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தரையில் படுத்துக் காலைச் சுவரில் சாய்த்து உயர்த்தி வைத்துவிடுவார். அரைமணி நேரத்துக்கு யாரோடும் பேச்சில்லை. நின்று நின்று, சூட்டில் தளர்ந்து தளர்ந்து, மேலே ஏற வேண்டிய ரத்தம் வால்வுகள் பழுதாகிக் காலிலேயே தேங்குகிறது. ஹார்வி படம் போட்ட அதே வால்வுகள்.

அவர் மனைவி ஸ்பின்னிங் மில்லில். அங்கே காற்றில் ஈரத்தைக் கூட்டி வைப்பார்கள். ஈரம் குறைந்தால் நூல் அறுந்துபோகும். அந்தக் கூடத்தின் வெப்பமும் ஈரமும் நூலுக்கு ஏற்றாற்போல அளந்து முடிவு செய்யப்பட்டவை, நாள் முழுக்க மீட்டர் பார்த்துச் சரிசெய்யப்படுபவை. நூலுக்காக இவ்வளவு கவனமாக வானிலை செய்யத் தெரிந்தவர்கள் நாம். நடுவில் நடந்துகொண்டே இழை சேர்க்கும் பெண்ணின் வியர்வை காயுமா என்று பார்க்க அங்கே ஒரு மீட்டர் உண்டா என்று கேட்டேன். அந்த அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் வெப்ப அலை வானத்திலிருந்து வருவது. நாள் குறித்து வந்து போவது. தகரக் கூரைக்கும் உலைக்கும் நடுவே நடப்பதற்கு அந்த அறிவிப்பில் தேதி கிடையாது.

அப்புச்சியின் பாதரசக் கருவியை நான் பயன்படுத்துவதில்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலகமெங்கும் அவை விலகிக்கொண்டிருக்கின்றன. சூரியனைப் பார்க்க ஏறிய அதே கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் காட்டில் கசிந்து, 2001இல் அந்த ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் நீதிக்குக் காத்திருந்த வருஷங்களை நினைத்தால் அந்த வெள்ளிக் கோடு முன்போல அழகாகத் தெரிவதில்லை. இப்போது பேட்டரியில் ஓடும் கருவிதான். நோட்டு மட்டும் அதே நோட்டு. அப்புச்சி நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து அம்மாவின் எண்களை எழுதிவருகிறேன்.

போன பங்குனியில் ஒரு சாயங்காலம் கருவியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அந்த வார்ப்பு ஊற்றுகிறவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் சாய்த்த காலை இறக்கி, எழுந்து உட்கார்ந்து, கையை நீட்டினார். பட்டைக்குக் கீழே நாளங்கள் தடித்து எழுந்து நின்றன. "அஞ்சு நிமிசம் சும்மா உக்காருங்கண்ணா, அப்பறம் பாக்கலாம்" என்றேன். காத்திருந்து அழுத்தினேன். 104/66. நாடி 108. எண்களை எழுதும்போது அவர் எட்டிப் பார்த்தார். பழைய பக்கங்களைப் புரட்டச் சொல்லி, அப்புச்சியின் கையெழுத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்: மப்பு, பனி, மேகாத்து, மேகாத்து.

"இன்னைக்கு என்னனுங்க எழுதறது?" என்று கேட்டேன். வெளியே பார்த்தேன், வானம் வெறுமனே இருந்தது.

அவர் சற்று யோசித்தார்.

"பவுண்டரின்னு எழுதுங்."